எழுபத்தைந்து கிலோ ஆள்

சவுதாம்ப்டன், வுல்ஸ்டன் பக்கம், இட்சன் ஆற்றங்கரை.
ஒருகாலத்தில் பாய் தைத்த கொட்டகையின் மாடியில்
ஒன்பது மேசை, ஒன்பது பேர்.
நான் ஓசூரில் ஸ்கூட்டருக்கு மட்கார்டு வரைந்தவள்.
மட்கார்டு கவிழ்ந்து யாரும் செத்ததில்லை.

முதல் வாரம் முழுக்க ஒரே கோடு.
மெலிந்த மரச்சட்டம், சொன்னபடி கேட்பதுபோல் நடிக்கும்.
அதை வளைத்து, ஈயத் திமிங்கலங்களின்
மூக்கால் அழுத்தி நிறுத்துவோம்.
ஒரு திமிங்கலம் இரண்டு கிலோ.
ஒன்றை எடுத்ததும் சட்டம் துள்ளினால்
அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.
கணினியில் இதே கோடு நான்கு நொடி.
"அது துள்ளாதே, அதான் சிக்கல்" என்றாள் மொர்வென்னா,
பக்கத்து மேசை,
ஃபால்மவுத்தில் மீன்படகு கழுவிக் காசு சேர்த்தவள்.

ஓவைன் கேட்டான், உன் மொழியில் இதற்கு என்ன பேர் என்று.
பாய், என்றேன்.
படுக்க விரிப்பதும் அதே. எகிறிக் குதி என்பதும் அதே.
"அடப்பாவி, மூன்று பருவப் பாடமும் முடிந்தது" என்று
தேநீர் போடப் போனான்.

பிறகு எடை.
அணியத்திலிருந்து பின்கட்டு வரை எதையும் விடக்கூடாது:
நங்கூரம், சங்கிலி, டீசல், பாத்திரம் கழுவும் தொட்டி,
காய்ந்த பிறகு பெயின்டின் எடை.
ஆள் என்றால் எழுபத்தைந்து கிலோ என்கிறது அட்டவணை.
நான் ஐம்பத்தொன்று.
என் ஒன்பது மீட்டர் படகில் நாலு பேர்.
நால்வருக்கும் என் எடையைப் போட்டேன்.
தெரியாமல் இல்லை.
தலைக்கு இருபத்துநாலு கிலோ எங்கே போயிற்றென்று
யாராவது கேட்கட்டும் என்றுதான்.

யாரும் கேட்கவில்லை.
தண்ணீர் கேட்டது.

சோதனைத் தொட்டியில் மாதிரியை இறக்கி
அட்டவணைப்படி பாரம் வைத்தார்கள்.
நான் ஒட்டிய நீல நாடா
ஒரு மில்லிமீட்டர் நனைந்தது.
நிஜப் படகில் அது ஆறு.
ஆறு மில்லிமீட்டர் என்ன பெரிய ஆழம்,
செருப்பின் அடிகூட அதைவிடத் தடிமன்.
காது மட்டும் சுட்டது.

தண்டவாளத்தில் வண்டி நகர, மாதிரி பின்னால் போனது.
வேகம் கூட்டக் கூட்ட
முன்னால் ஓர் அலை, பின்னால் ஓர் அலை,
நடுப்பள்ளத்தில் என் படகு.
தான் எழுப்பிய அலைமேல் தானே ஏற முடியாமல்.
இன்னும் காற்று கொடுத்தால்
அலைதான் பெருக்கும்.
அடுத்த பருவம் மோட்டார்படகு.
அது நெஞ்சைத் தூக்கிக்கொண்டு அலைமேல் ஏறிவிடும்,
டீசல் யார் வீட்டுக் காசோ.
மொர்வென்னாவுக்கு இப்போதே கை பரபரக்கிறது.

சனிக்கிழமை ஓவைன் அக்காவின் படகில் சொலன்ட் போனோம்.
இந்த ஊர் வெள்ளம் உச்சம் தொடும், சற்று இறங்கும்,
எதையோ மறந்து வைத்தவள்போல் திரும்பி ஏறும்.
நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.
படகு சாய்ந்தது. காகிதத்தில் இருபத்தைந்து பாகை என்று
எவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறேன்!
மேல் விளிம்புக்கு வா, காலைத் தொங்கப்போட்டு உட்கார் என்றார்கள்.
ஊர்ந்து போய் உட்கார்ந்தேன்.
படகு கொஞ்சம் நிமிர்ந்தது.
அளந்திருந்தால் ஒரு பாகைகூடத் தேறாது.
ஆனால் நிமிர்ந்தது.

இரவு, உதட்டில் உப்போடு,
கட்டங்களைத் திறந்து எழுபத்தைந்து என்று நாலுமுறை திருத்தினேன்.
அச்செடுத்த தாளின் ஓரத்தில் பென்சிலில்: 51.
ரப்பர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது.

படுக்கை இரண்டு மீட்டர், அட்டவணை ஆளுக்கு.
அதை மாற்றப் போவதில்லை.
என் கால்மாட்டில் மிஞ்சும் இடத்தில்
எதையாவது வைத்துக்கொள்வேன்:
அரிசி, ஈரக் காலுறை,
ஒரு திமிங்கலம்.