கண்ணடிக்கும் சிவப்பு

மலையே இல்லாத இமாலயா ரோட்டில்
திரும்பும்போதுதான் முதலில் பார்த்தேன்.
வேகமுள்ளுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி,
தீக்குச்சித் தலை நிறத்தில்.
ஒரு பக்கம் கூட்டல், ஒரு பக்கம் கழித்தல்.

"ஆன்ட்டி, கார் கண்ணடிக்குது,"
முன்சீட்டு லுயாண்டா சொன்னான்.
ஒரு கண் திறந்து, ஒரு கண் மூடி.
பின்னால் இருந்த ஐந்தும்
கழுத்தை நீட்டிப் பார்த்துத் திருப்பிக் கண்ணடித்தன.
நான் ரேடியோவை அணைத்தேன்.
விசிறியை அணைத்தேன். வைப்பரையும்.
மெரிபேங்க் தூறல்தான், பொறுத்துக்கொள்ளலாம்.
மூச்சைப் பிடித்தபடி
பள்ளிக்கூடக் கேட் வரை ஏழு பேர்.

விஷேன் டெஸ்ட் எதுவும் போடவில்லை.
"பேட்டரி செத்துப்போச்சு" என்றான்,
பந்தல்காரன் இழவு வீட்டில் பேசுகிற குரலில்.
ஆயிரத்து அறுநூறு ராண்ட்.
அதில் கேஷ்மிராவின் மாதப் பணமும்
இன்னும் வராத திஷாலன் வீட்டுப் பணமும் சேர்த்தி.
புதுப் பேட்டரிக்குப் பளபளவென்று ஒரு கைப்பிடி.
சாவியைத் திருப்பினேன், வென்ச்சர் எடுத்தது.
சிவப்பு அதே இடத்தில், அதே கண்.

பெர்த்திலிருந்து அண்ணனின் குரல்பதிவு: வித்துத் தொலை.
கோயிலில் செருப்பு மாட்டும்போது ஒருத்தி: கண்ணேறு, எலுமிச்சை வை.
வைத்தேன், நாலு சக்கரத்துக்கும்.
எலுமிச்சையைக் குறை சொல்லவில்லை,
அதற்கு வோல்ட் அளக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை, ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த
பக்கத்து வீட்டு பெக்கானி
"எய்ஷ்" என்று ஒரு மஞ்சள் மீட்டரைச்
சுவர்மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

எஞ்சின் ஓட, பேட்டரியில் வைத்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
பதினாலாவது வேண்டும்.
பெல்ட்டை ஏற்கெனவே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாயிற்று, இறுக்கம் சரி.
அப்போ ஆல்டர்நேட்டர், மூவாயிரம்.
பயம் கணக்கில் என்னைவிடக் கெட்டி,
விடையை எழுதிவிட்டுத்தான் கேள்வியைப் படிக்கும்.

சும்மாதான், சிவப்பு ஊசியை எடுத்து
ஆல்டர்நேட்டர் முதுகில் துருத்தும் ஆணியில் வைத்தேன்.
பதினைந்து புள்ளி இரண்டு.
மீட்டரைத் தட்டினேன்.
பதினைந்து புள்ளி இரண்டு.

அங்கே ஒன்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது.
இங்கே இதன் காதில் விழவில்லை.
நடுவில் மூன்று முழக் கம்பி.

எஞ்சினை நிறுத்தி, கறுப்பு முனையைக் கழற்றி,
கம்பியை விரலால் நெருடிக்கொண்டே போனேன்,
பேன் பார்க்கிற மாதிரி.
ரப்பர் குல்லாய்க்கு அடியில் வளையம்,
அதன் கழுத்தில் பச்சை.
தொட்டதும் உதிர்ந்தது.
கொடியில் போட்ட சட்டையையே நரைக்க வைக்கும் காற்று இங்கே,
பாதி கடல், பாதி ஆலைப் புகை.
முப்பது நாற்பது இழையில்
நாலோ ஐந்தோதான் பிடித்துக்கொண்டிருந்தது.
நாலு இழையில் ஆறு பிள்ளைகள்.

வெட்டினேன். செம்பு சிரிக்கும் வரை தோலுரித்தேன்.
புது வளையம் பன்னிரண்டு ராண்ட்.
நசுக்கி, இறுக்கி, கிரீஸ் தடவி, குல்லாயைப் போட்டேன்.
பதினாலு புள்ளி இரண்டு,
இந்த முனையிலும் அந்த முனையிலும்.
விளக்கு அணைந்திருந்தது.
அது எப்போது அணைந்ததென்று பார்க்கத் தவறிவிட்டேன்.

பழைய பேட்டரியை விஷேன் கொண்டுபோய்விட்டான்.
அது செத்திருக்கவே இல்லை.
யார் வண்டியிலோ புதுசு என்ற பெயரில்
ஓடிக்கொண்டிருக்கும்.

திங்கள் காலை லுயாண்டா ஏறியதும் குனிந்து பார்த்தான்.
"எங்கே?"
"சரிபண்ணிட்டேன்."
பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.
பள்ளிக்கூடம் வரும்வரை ஜன்னல் பக்கமே முகம்.

செவ்வாயிலிருந்து
அவன் வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திக் காத்திருக்கிறேன்.
அவன் உட்கார்ந்ததும் சாவியைப் பாதி திருப்புவேன்.
எண்ணெய், பிரேக், எல்லா விளக்கும் எரியும்,
ஓரத்தில் அதுவும்.
அவன் பதிலுக்கு ஒரு கண்ணை மூடுவான்,
அதுவும் சரியாக வராது, இரண்டும் மூடிக்கொள்ளும்.
பிறகுதான்
சாவியின் மீதிப் பாதி.