கஞ்சி அதிகம்

நக்கீல் மார்க்கெட்டுக்கு நேர்வழி நாலு நிமிஷம்.
இரண்டு வருஷமாய் நான் பதினொன்று நடந்தேன்,
மீன்சந்தையின் முதுகு வழியாக,
ஐஸ்பெட்டித் தண்ணீர் செருப்பில் ஏற,
ஆகஸ்டிலும்.
கேட்டால் நிழலுக்காக என்பேன்.
அந்தப் பக்கம் நிழலே கிடையாது.

நேர்வழியில் என் கடை இருந்தது.
ஏழுமலை லாண்டரி.
அரபியில் ழ இல்லை என்றார் போர்டு எழுதியவர்.
ஏலுமலையாகப் பதினாலு மாதம் தொங்கினேன்.
ஏலும் என்றே வாசித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு கல்யாணக் கந்தூரா.
நெஞ்சுக்கு நேரே இஸ்திரிப்பெட்டி
தன் முகத்தை அச்சடித்தது, பழுப்பாக.
அதற்குமுன் வாடகை செக். அதற்கும்முன் பாய்லர்.
எதில் ஆரம்பித்தது என்று
இன்னும் கணக்குத் தீரவில்லை.
கடைசி நாள் ஷட்டரைச் சத்தமில்லாமல்
இறக்கப் பார்த்தேன்.
ஷட்டர் அப்படி இறங்காது.

ரூமில் ஆறு கட்டில்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அதனால் விளக்கணைந்த பிறகு
அவர்களுக்கும் சேர்த்து நானே பேசினேன்.
சூசைநாதன் குரலில்: 'இவனெல்லாம் உருப்படுவானா?'
ஜபருல்லா குரலில்: 'அன்னைக்கே சொன்னேன்ல.'
ஊரிலிருக்கும் மச்சான் குரலில்
வெறும் சிரிப்பு.
அவர்களே பேசியிருந்தால்
இவ்வளவு நன்றாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

கட்டிலுக்கடியில் ஒரு பை.
மூடிய அன்று மிஞ்சிய ஒரே துணி:
சூடான் வாத்தியார் இத்ரீஸின் தலைப்பாகை,
நாலரை மீட்டர் வெள்ளை, சீட்டு நம்பர் 618.
கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்,
பள்ளிக்கூடம் தெரியும்.
கொடுத்தால் அவர் ஏதாவது கேட்பாரே.
என்ன கேட்பார் என்று
முந்நூறு விதமாய் யோசித்து வைத்திருந்தேன்.

இந்த மார்ச்சில் மறுபடியும்.
கடை என்று சொல்ல வாய் வரவில்லை;
பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர்,
கடனுக்கு ஒரு ஸ்டீம் அயர்ன்.
போர்டில் என் பெயர் வேண்டாம் என்றேன்.
ஏதோ ஒரு நட்சத்திரத்தின் பெயர் வைத்தோம்.
விழுந்தால் நட்சத்திரம் விழட்டும்.

ஒரு மதியம் ஹோட்டல் யூனிஃபார்ம், அறுபது உருப்படி.
ஹேங்கர் கம்பிகள் விரலை அறுத்தன.
பதினொரு நிமிஷம் தாங்காது.
இதைத் தைரியம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
பாரம், அவ்வளவுதான்.
நேர்வழியில் போனேன்.

என் கடை இப்போது மொபைல் கடை.
மொஃபிசுல் எட்டிப் பார்த்தான்:
'லாண்டரி பாய் நீதானே?
ஒரு சூடானி மூணு தடவை தேடி வந்தார்.'

ராத்திரி பையைப் பிரித்தேன். மடிப்பெல்லாம் மஞ்சள்.
துவைத்து, நீலம் போட்டு, மறுபடி துவைத்து,
கஞ்சி கரைக்கும்போது கை நடுங்கிற்று.
கொஞ்சம் கூடுதலாக விழுந்தது.

வாத்தியார் வாசலிலேயே நின்று கட்டிப் பார்த்தார்.
இரண்டு சுற்று வந்தது.
மூன்றாவது வளைய மறுத்தது.
முந்நூறில் எது வரும் என்று நின்றேன்.

'கஞ்சி அதிகம்' என்றார்.

அது என் பட்டியலிலேயே இல்லை.

உள்ளே போனார்.
ஐந்து ஜல்லாபியாவோடு திரும்பினார்.
சீட்டு எங்கே என்றார்.
சீட்டுப் புத்தகம் கொண்டுபோகவில்லை;
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொடுத்தேன்.

இருட்டில் நான் கேட்ட குறைகளுக்கு
அளவே இருந்ததில்லை.
இது ஒரு கரண்டி.
ஒரு கரண்டியைக் குறைக்கலாம்.
குறைத்தேன்.

நேற்று மச்சான் கூப்பிட்டான், நிஜக் குரலில்.
'இதாவது ஓடுமா?'
இருபதாம் தேதி வாடகை செக்.
ஏலும் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும்.
'தெரியாது மச்சான்' என்றேன்,
'அயர்ன் சூடா இருக்கு, வை.'