பிரட்டு

இரவு ஒன்று நாற்பது.
கொட்டகலை, மருந்துக்கடைக்கு மேல்மாடி அறை.
தகரத்தில் மழை
முறத்தில் அரிசி புடைப்பதுபோல் நிறுத்தாமல்.
கம்பளிக்குள்ளிருந்து விரல்களை மட்டும் வெளியே எடுத்து
கட்டளையைத் தட்டுகிறேன்:
கணுக்களைக் காட்டு.

கறுப்புத் திரை கொஞ்சம் யோசிக்கிறது.
மாலபேயில் இருக்கின்றன அந்த இரும்பு அலமாரிகள்.
வருடம் முழுக்க அங்கே பதினெட்டுப் பாகைக் குளிர்.
ஒரேயொரு தடவை பார்த்திருக்கிறேன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள்.
கொழும்பிலுள்ள எங்கள் பொடியன்கள் எல்லாரும்
கடை பூட்டி, கணக்கு முடித்து,
இந்த நேரத்தில்தான் பஸ்சுக்கு இருக்கை தேடுகிறார்கள்.
பதிவில் பெயர் வராது, எண் மட்டும்:
இருக்கை இருபத்தேழு, பொகவந்தலாவை, தோல்வி.
இருக்கை இருபத்தேழு, பொகவந்தலாவை, தோல்வி.
அதே ஆள். விடாமல் அமத்துகிறான்.

வரிசை வருகிறது.
ஒன்று, தயார்.
இரண்டு, தயார்.
மூன்று, தயார், வேலை கொடுக்க வேண்டாம்.
நான்கு, தயார்; நினைவகம் தொண்ணூற்றேழு சதவீதம்,
முதுகு வளைந்துவிட்டது.
ஐந்தைச் சொல்லவே வேண்டாம்.

வேலை கொடுக்க வேண்டாமா?
யார் சொன்னது?

வரலாற்றைத் திருப்புகிறேன்.
பின்னேரம் நான்கு பத்து.
புது மென்பொருள் ஏற்றுவதற்காக
மூன்றைச் சுற்றி வேலி போட்டவள் நான்.
ஏற்றினேன். கரண்ட் போனது.
கீழே போய் ரொட்டி வாங்கினேன்.
வேலி அப்படியே கிடந்தது.

எங்கள் தோட்டத்தில் இதற்குப் பிரட்டு என்று பெயர்.
விடியுமுன் களத்தில் ஆட்கள் நிற்க
கணக்கப்பிள்ளை கொப்பியைப் பார்த்துக் கூப்பிடுவார்.
கொழுந்து நிறை சேர்ந்தால் பேர்.
சேராவிட்டால் அரைப்பேர்.
இன்னும் நாலைந்து மணித்தியாலத்தில்
அம்மா அங்கே நிற்பாள்,
கொங்காணிக்குப் பதிலாக உரப்பை போர்த்தி.

போன வருடம் தராசில் இரண்டு கிலோ எங்கே என்று
கேட்டுவிட்டாள்.
மூன்று நாள் அவளுக்கு வேலை இல்லை.
மூன்று நாளும் கூடையோடு போனாள்.
கூப்பிடாத பெயருக்கு
"ஆமாங்க" என்று சத்தமாய்ச் சொல்லிவிட்டுத்
திரும்பி வந்தாளாம்.
சொன்னது பக்கத்துக் காம்பிரா பவளமணி.
அம்மா அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

பத்து விநாடிக்கு ஒரு முறை
இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் ஒரு கணு.
ஒன்பதரை மணித்தியாலமாக
மூவாயிரத்து நானூற்றிருபது தரம்
சொல்லியிருக்கிறது மூன்று.
காலியாக, குளிர்ந்து,
ஒரு தடவைகூடப் பிசகாமல்.

வேலியை எடு என்று எழுதுகிறேன்.
விரல் விறைத்து ஓர் எழுத்து மாறிவிட்டது.
அப்படி ஒரு கட்டளை இல்லை என்கிறது திரை.
கையை அக்குளில் வைத்துச் சூடாக்கி
மறுபடி.

ஒரே வரியில் பதில்.
வாசலில் குந்தியிருந்த பதினொரு வேலைகளும்
ஒவ்வொன்றாய் எழும்பி மூன்றிடம் போகின்றன.
நான்கு மூச்சு விடுகிறது: எண்பத்தெட்டு, எழுபத்தொன்று.
ஐந்து இன்னும் முனகுகிறது, முனகட்டும்.
இருக்கை இருபத்தேழு, பொகவந்தலாவை,
உறுதி.

சந்தருவன் கொழும்பிலிருந்து கேட்கிறான்,
என்ன நடந்தது, தானாகச் சரிவந்ததா என்று.
அப்படியே எழுதிவிடலாம்.
தானாக என்ற சொல்லுக்குக் கணக்குக் கேட்பார் இல்லை.
எழுதியும் பார்த்தேன்.
அழித்தேன்.

அறிக்கையில் காரணம் என்றொரு கட்டம்.
அலுவலகத்தில் நான் திலா.
கட்டத்தில் போடுகிறேன்:
திலகேஸ்வரி மருதவீரன், வேலியை எடுக்க மறந்தார்.
முழுப்பேர்.

மழை விடவில்லை.
கட்டளையை இன்னொரு தடவை தட்டுகிறேன்,
தேவை ஒன்றும் இல்லை,
மூன்று என்ன சொல்கிறது என்று பார்க்க.