பதினொரு பேர்

"அடிமைகள்" என்றுதான் அனுப்பினேன்.
வேலூர் அலுவலகத்தில் அது "தொழிலாளர்கள்" ஆனது.
கலவை ரோட்டு அரிசி ஆலை "தனியார் ஆலை" ஆனது.
(அந்தத் தனியார்
தீபாவளி மலருக்கு அரைப்பக்கம் தருகிறவர்.)
பன்னிரண்டு வருடம் "சில காலமாக" என்று சுருங்கியது.
என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நமது நிருபர்.
செய்திக்கு நாற்பது ரூபாய்.

பூங்காவனத்தின் கடன் ரெண்டாயிரம்.
அவள் வாங்கியதில்லை, புருஷனும் இல்லை,
புருஷனைப் பெற்றவன் ஒரு கல்யாணத்துக்கு வாங்கியது.
அவன் செத்ததும் மகன் பேருக்கு மாறி,
மகன் கொதிதொட்டியில் விழுந்த வருஷம்
இவள் பேருக்கு வந்தது.
எவ்வளவு தீர்ந்தது, கேட்டீர்களா என்றேன்.
"கேட்டேன் சார். நோட்டக் காட்னாரு.
நோட்ல எழுத்து கீது.
எங்கிட்ட எழுத்து இல்ல."

ராத்திரி ரெண்டு மணிக்கு அவியல்.
விடிந்தால் களத்தில்
காலால் நெல்லைத் தள்ளித் தள்ளி நடக்கவேண்டும்.
தாசில்தார் ஜீப் வந்து நின்ற அன்றும் நடந்துகொண்டிருந்தாள்.
வா, ஏறு, நீ இனிமேல் ஃப்ரீ என்றார்கள்.
"ஒரு தபா தள்ளிவுட்டு வந்துர்றேன், நெல்லு கெட்டுடும்."
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான்.
இதை நான் எழுதவில்லை. யாரும் வெட்டவில்லை.

விடுதலைச் சான்றிதழை
நேராகப் பிடிக்கச் சொல்லி
ரெண்டு முறை படமெடுத்தோம்.

மூணு மாசம் கழித்துத் திமிரிக்குப் பக்கம்,
ஏரிக்கரைப் புறம்போக்கில்,
தார்ப்பாய்க்கு வெளியே அவள் நின்றிருந்தாள்.
பேப்பரை எடுத்துப் படித்துக் காட்டினேன்.
"பதினொரு பேர் மீட்பு."
விரல் மடக்கினாள். இன்னொரு தடவை மடக்கினாள்.
"நாங்க பன்னண்டு சார்."

சின்னவளை அன்றைக்கு
மொதலாளி வீட்டில் பாத்திரம் கழுவ விட்டிருந்தார்களாம்.
பட்டியலில் பதினொன்று இருந்தது.
நான் தாளை எண்ணினேன்,
தலையை எண்ணவில்லை.

ராணிப்பேட்டையில் மனு கொடுத்தாயிற்று.
ரசீது சட்டைப்பையில் வியர்த்துக் கிடக்கிறது.
ஆபீசில் "அது பழைய செய்தி, இடமில்லை" என்றார்கள்.

இங்கே இடம் இருக்கிறது.
பெயர் பவுனு.
வயது ஒன்பது இருக்கலாம், அம்மாவுக்கும் உறுதியில்லை.
ஆற்காடு, பாலாற்றுப் பாலம் தாண்டி இடதுபுறம்,
பச்சை கேட்.
பின்பக்கம் போனால் குழாயடி.