சுவருக்கு இந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமை ரெண்டாவது ஆட்டம்.
முப்பத்தொரு டூவீலர், ரெண்டு சைக்கிள்,
குண்டடத்திலிருந்து குடும்பமாய் ஒரு ஆம்னி.
பெரிய படமென்றால் தாராபுரத்தில்
இந்த ஸ்டாண்டில் கால் வைக்க இடமிருக்காது.
இது சின்னப் படம்.
போஸ்டரே நாலு இடத்தில்தான். அதில் ஒன்றை
ஆடு தின்றுவிட்டது.

நான் படம் பார்ப்பதில்லை.
வண்டியை விட்டுவிட்டு எங்கே போக?
பதினாறு வருசமாய்ச் சுவர் வழியாகக் கேட்கிறேன்.
எந்தப் பாட்டுக்கு விசில், எந்த அடிக்குக் கைதட்டு,
முதுகைச் சாய்த்தாலே தெரிந்துவிடும்.
அன்றைக்குச் சுவர் சும்மா இருந்தது.
ஒரு கதவு. ஒரு இருமல். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.
அப்புறம் யாரோ ஒரு பெண்பிள்ளை
"எங்கே போடோணும்?" என்று கேட்டாள்.
அதோடு சரி.

இடைவேளையிலேயே ஆறு வண்டி போயிற்று.
"போசி கழுவறதை நாலு நிமிசம் காட்டறானுங்ணா.
என்ற ஊட்டுக்குப் போனா ஓசியாப் பாக்கலாம்"
என்றான் பவர்லூம் பையன் ஒருவன்.
டோக்கன் காசைத் திருப்பிக் கேட்டான்.
படம் நான் எடுக்கலீங் என்றேன்.

விட்டதும் மற்றவர்கள் வந்தார்கள்.
"சண்டையே இல்லை. அண்ணந்தம்பி ரெண்டு பேரும்
சோறு தின்னுட்டே இருக்கறாங்க."
"அதான்டா சண்டை" என்றது பின் சீட்டு.
காத்தாடி கம்பெனி இஞ்சினியர்
கேமரா ஆடவேயில்லை என்று மெச்சினார்.
"நாந்தான் ஆடுனேன், தூக்கத்துல" என்றார் கூட வந்தவர்.
நாச்சிமுத்து வக்கீலுக்கு வேறு கோபம்:
"விடுதலைப் பத்திரம்னா சாட்சி ரெண்டு பேரு வேணும்.
ஒருத்தனையும் காட்டலை. செல்லாதுங்க அது."

ஆலாங்கியத்து ஆள் ஒருத்தர்
"தங்கச்சிக்காரி வாயத் தொறந்து கேட்டிருக்கோணும்,
கேக்காம அழுதா ஆச்சா?" என்றார் சம்சாரத்திடம்.
"நான் கேட்டனா?" என்றாள் அவள்.
வெகுநேரம் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தார்.
டேங்கில் பெட்ரோல் இருந்தது.

தனியாக வந்தவள் கோகிலவாணி மட்டும்தான்,
பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள்.
படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"நாளைக்கும் ஓட்டுவாங்களா?
எங்கண்ணனைக் கூட்டிட்டு வரோணும்" என்றாள்.
கேட் வரைக்கும் போய்த் திரும்பி,
"வேண்டாம், விடுங்க."

கடைசியாய் ஒரு வண்டி நின்றது.
ஆரம்பத்திலிருந்தே தண்ணீர்த் தொட்டி ஓரம்
டோக்கன் தேடுகிற மாதிரி நின்றிருந்த மெலிந்த பையன்.
"என்னங்ணா பேசிக்கறாங்க?"
ஓ, நீதானா, என்று நினைத்துக்கொண்டேன்.
"பாதிப் பேரு திட்டிட்டுப் போனாங்.
ஏழெட்டுப் பேரு சாவியப் போட்டுட்டு
ஸ்டார்ட் பண்ணாம உக்காந்திருந்தாங்.
அது என்ன கணக்குன்னு எனக்குத் தெரியாது."
அவன் அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.
"நீங்க பாத்தீங்களா?"
"இல்லீங். கேட்டேன்."

எங்கள் பத்திரத்தில் சாட்சி ரெண்டு பேரும் உண்டு.
முத்திரை உண்டு. எந்த வக்கீலும் குறை சொல்ல முடியாது.
ரிஜிஸ்டர் ஆபீசில் ருக்மணியக்கா
பேனாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது
இடத்தைத் தொட்டுக் காட்டியவன் நான்.
பதினொரு நோம்பிக்கு அவள் வரவில்லை.
இதை அந்தப் பையனிடம் சொல்லவில்லை.
பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

ஞாயிறோடு படத்தைத் தூக்கினார்கள்.
திங்கள் சாயங்காலம் கோகிலவாணி வந்தாள்.
பின் சீட்டில் அதே மூக்கோடு ஒரு ஆள்,
இறங்கி, எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.
படம் போயிருச்சுங்க என்றேன்.
புதுப் போஸ்டரை ரெண்டு பேரும் பார்த்தார்கள்.
வண்டியை எடுப்பார்கள் என்று நினைத்தேன்.
"சித்த நேரம் நிக்கட்டுங்ளா?" என்று கேட்டுவிட்டு
எதிர்ப்பக்கம் பேக்கரிக்கு நடந்தார்கள்,
நடுவே ஒரு ஆள் போகிற இடைவெளி விட்டு.

டோக்கன் கிழித்துக் கொடுக்க மறந்திருந்தேன்.