பன்னிரண்டு நிமிடம்

முள் பொய் சொல்கிறதா என்று பார்ப்பதுதான்
என் வேலையே.
கித்ஃபாவில், கடலைக் குடிநீராக்கும் ஆலையில்,
பதினான்கு வருடமாக
அழுத்தமானி, வெப்பமானி, உப்புமானி
ஒவ்வொன்றையும் கழற்றி, சுழியில் நிறுத்தி,
எவ்வளவு பிசகு என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவேன்.
ஒரு முள்ளையும் சும்மா நம்பி விட்டதில்லை.

அப்படிப்பட்டவன்
ஃபுஜைராவில் ஒரு பழைய செஸ்னாவில் ஏறி
ஆறு முட்களை நம்பப் படித்தேன்.

செலவைக் கேட்காதீர்கள்.
வள்ளியூரில் வாங்க வைத்திருந்த நாலு சென்ட்
அறுபது மணி நேரக் காற்றாகிவிட்டது.
மார்கரெட் ஒரு வாரம் பேசவில்லை.
பேசியபோது கேட்டாள்:
"அதுல இன்னும் எத்தன மணி நேரம் பாக்கி?"

பயிற்சியில் நெற்றிக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு,
குதிரைக்குக் கட்டுவது போல.
வெளியே வெயில் கொட்டிக் கிடக்கும்.
எனக்கு மட்டும் வானம் மூடல்.
கேப்டன் ஹதாத் சூயிங்கம் மென்றபடி
திடீரென்று ஒரு முள்ளைக் காகிதத்தால் மறைப்பார்:
"இது செத்துவிட்டது. இப்போது?"
தகட்டுக்குக் கீழே
ஒரு கீற்றுக் கடல் தெரியும்.
அதைப் பார்த்ததுண்டு என்று
அவரிடம் சொன்னதில்லை.

ஆகஸ்டில் தேறினேன்.
மேகத்துக்குள் போகலாம் என்று
உரிமத்தில் எழுதித் தந்தார்கள்.
மேகம்தான் இல்லை.

செப்டம்பரில் புழுதி.
அக்டோபரில் கழுவிவிட்ட தட்டு மாதிரி வானம்.
நவம்பரிலும் அதே தட்டு.
ஆலையின் நீராவிக் குழாயைக் காட்டி
பிலிப்போஸ் சிரிப்பான்:
"தா, நின்டெ மேகம். கேறிக்கோ."

ஜனவரி பதினேழு, காலை ஆறரை.
துவைக்காத போர்வை போலக்
கடல்மேல் கிடந்தது அது.
ஆயிரத்து நூறு அடியில் அடிவயிறு.
ஹஜர் மலை தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது;
அந்தப் பக்கம் எனக்கு வேலையில்லை.

பக்கத்து இருக்கையில் சூயிங்கம் வாசனை மட்டும்.

ஏறினேன்.
முதலில் கடல் போனது.
அப்புறம் இறக்கை நுனி.
அப்புறம் கண்ணாடி முழுக்க எழுதாத தாள்.
அந்தக் கீற்று இங்கே இல்லை.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.
இடப்பக்கம் சாய்கிறாய் என்றது காது.
சொந்தக்காரன் சொல்வது போல,
கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது.
நேராக இருக்கிறாய் என்றது முள்.

இத்தனை வருடத்தில்
நான் சரிபார்க்காத ஒரே மானி
இந்த உடம்பு.
நாற்பத்தொரு வருடம்
ஸ்டிக்கர் இல்லாமல் ஓடியிருக்கிறது.

கை திருகத் துடித்தது. விடவில்லை.
பாதி நீலம், பாதி பழுப்பு, நடுவில் ஒரு கோடு:
உலகத்தில் மிச்சமிருந்த அடிவானம் அதுதான்,
நாலு விரல் அகலம்.
அதைப் பார்த்தேன். பிறகு உயரம். பிறகு திசை. மறுபடி அது.
ஜெபம் மாதிரி என்று சொல்லமாட்டேன்.
ஷிஃப்டில் ரீடிங் எடுப்பது மாதிரி.

பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்தது
ஏனோ அங்கே வந்தது:
பழந்தமிழில் கருவி என்றால் திரள்.
முகிலும் மின்னலும் இடியுமாய்க் கூடிய வானத்தை
கருவி வானம் என்பார்கள்.
சரிதான்.
ஒரு கருவிக்குள் உட்கார்ந்து
இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபுரத்துப் பெண்குரல்
திசை தந்தது, இறங்கச் சொன்னது.
இரண்டு முட்கள் குறுக்கும் நெடுக்குமாய்க் கூடி நின்றன.
கண்ணாடியில் தண்ணீர் ஓடியது,
யாரும் காய்ச்சாத தண்ணீர்.

பிறகு கிழிந்தது.
நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பல்கள்,
எல்லாம் ஒரே பக்கம் மூக்கை நீட்டியபடி.
அதற்கப்பால் ஓடுதள விளக்குகள்,
நான் நினைத்ததைவிடக்
கொஞ்சம் வலப்பக்கம்.

பதிவேட்டில் மேகத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு.
இத்தனை நாள் வெறுமையாய் இருந்தது.
0.2 என்று எழுதினேன். பன்னிரண்டு நிமிடம்.

"உள்ள என்ன இருந்துச்சு?" என்றாள் மார்கரெட்.
"ஒண்ணுமில்ல."
"அதுக்கா நாலு சென்ட்டு?"

மத்தியான ஷிஃப்டில்
மூன்றாம் பம்பின் அழுத்தமானி
அரை பார் கூடுதலாகக் காட்டியது.
ஸ்பானரை எடுத்துவிட்டு
கழற்றாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.