இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

பொய்ச்சண்டை என்கிறான் இம்தியாஸ்,
ஆம்பூர் பைபாஸ், இரண்டாம் ஷிப்ட் டீயில்.
தெரியும்டா.
யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதிட்டாங்க.
முதுகு பலகையில மோதுற சத்தத்தை
யார் எழுதினது?

அப்போதெல்லாம்
மாதக்காசு கேட்டு வந்த கேபிள்காரரே
வாசலில் நின்று முழு ஆட்டமும் பார்ப்பார்.
இரும்பு நாற்காலி. நெற்றியில் ரத்தம்.
நடுவர் சரியாக அந்த நேரம் வேறுபக்கம் திரும்புவார்.
மல்யுத்தச் சீட்டில் மார்பளவு சொல்லியே
ஆறாம் வகுப்பு பி முழுவதையும் தோற்கடித்தேன்.

இப்போது மைக் பிடித்தால் இருபது நிமிஷம்.
கெட்டவனும் நியாயம் பேசுகிறான்,
யாரைத் திட்டுவது?
வெளிச்சம் ஜாஸ்தி, வேர்வை கம்மி.

ஆனால்
அன்றைக்குப் பெண்கள் சண்டைக்கு மூன்றே நிமிஷம்,
அதற்குள் அண்ணன் சேனல் மாற்றிவிடுவான்.
இந்த வாரம் கடைசி ஆட்டமே அவர்களுடையது.
பசை டப்பாவில் சாய்த்த போனில் பார்த்தேன்:
எலும்பு நழுவியவள்
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
அதே தோளைத் தூக்கினாள்.

கத்திவிட்டேன்.
சூப்பர்வைசர் திரும்பினார்,
பார்க்க வேண்டியபோது ஒருநாளும் திரும்பாதவர்.
போனைக் கவிழ்த்து
அடுத்த ஷூவை எடுத்தேன்.

பக்கத்து மேஜையிலிருந்து
இம்தியாஸ்தான், மெதுவாக:
"எந்திரிச்சிட்டாளா?"